முகவைக் கடற்கரையும் சமணச் சிற்பங்களும்: நம் பக்கம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது?

முகவை வாசகன்

எல்லோருக்கும் வணக்கம். இந்தியச் சமணக் கலையைப் பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான். ஒடிசாவில் உதயகிரியும் கண்டகிரியும், மதுராவில் கங்காளி மேடு, பாதாமியில் 4ஆம் குகை, எல்லோராவில் 30 முதல் 34 வரையுள்ள குகைகள். தமிழ்நாடு என்று வந்தால் சித்தன்னவாசல், கழுகுமலை, மதுரையைச் சுற்றியிருக்கும் மலைகள். அதோடு சரி. முகவை என்று நாம் சொல்லும் இராமநாதபுரக் கடற்கரையில் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று சாயல்குடிப் பக்கம் வரை வந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

ஆனால் நம் ஊர்ப்பக்கம் கண்மாய்க் கரையிலும் வேப்பமரத்தடியிலும் சம்மணமிட்டு, மடியில் கைமேல் கை வைத்து அமர்ந்திருக்கும் கற்சிலைகளைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஓர் ஊரில் முனீஸ்வரர் என்பார்கள், இன்னோர் ஊரில் அமணசாமி என்பார்கள். விளக்குப் போடுவார்கள், எண்ணெய் சாத்துவார்கள்.

என் கேள்வி இரண்டு. சமணத்தோடு இந்தக் கடற்கரைக்கு இருந்த தொடர்பு என்ன? இந்தச் சிலைகளை நாம் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், படிக்க ஆள் இருக்கிறோம்.

சமணமலை நடையன்

தம்பி, முதல் கேள்விக்குப் பாதிப் பதில் மண்ணிலேயே இருக்கிறது. முகவைக் கடற்கரை மணலும் களியும் கடல் சுண்ணாம்புக்கல்லும். குடைவதற்கு மலை இல்லை. தமிழ்நாட்டுச் சமண ஆய்வோ மலையிலிருந்துதான் தொடங்கியது. 1882இல் இராபர்ட் சீவல் மாங்குளத்துக் குகைக் கல்வெட்டைப் பார்த்தார். 1906இல் மறுகால்தலைக் குகைக் கல்வெட்டு பதிவானது. அந்த எழுத்து பிராமி என்ற பழைய எழுத்து, மொழி தமிழ் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் புகளூரையும் மாங்குளத்தையும் வாசித்தார். 2003இல் அவருடைய பெருந்தொகுப்பு வந்தது. இத்தனை பேரும் தேடியது துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கையும் அதன் மேலே வெட்டிய எழுத்தையும்தான். கற்படுக்கை இல்லாத நிலத்துக்கு அவர்கள் போக வேண்டிய காரணமே இல்லை.

வடக்கேயும் இதே கதைதான். பெர்கூசனும் பர்கஸும் 1880இல் குகைக் கோயில்களைப் பற்றிப் பெரிய நூல் போட்டார்கள். அதற்குப் பிறகு சமணக் கலை என்றாலே குகைதான் என்று ஆகிவிட்டது. நிலத்தில் கட்டிய செங்கல் பள்ளிகள், அதாவது சமணத் துறவிகள் தங்கிய மடங்கள், இடிந்து போனால் அடையாளமே இருக்காது. குகை அப்படிப் போகாது.

அதே நேரம் மலைக்கல்வெட்டுகளையே இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். மதுரைக்குப் பக்கத்தில் அழகர்மலைக் குகையில் கொடை கொடுத்தவர்கள் யார் யார்? பொற்கொல்லன், ஏருக்குக் கொழு விற்றவன், பாணிதம் என்ற சர்க்கரைப் பாகு விற்றவன், அறுவை என்ற துணி வணிகன், கூடவே ஓர் உப்பு வணிகன். மதுரையில் உப்பு விளையாது. அந்த வணிகனுடைய சரக்கு ஏதோ ஒரு கடற்கரையிலிருந்துதான் மலையடிவாரத்துக்குப் போயிருக்கும். துறவிக்குப் படுக்கை வெட்ட மலை கொடுத்தது கல், கடற்கரை கொடுத்தது காசு. உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

உப்பளத்தான்

அண்ணே, உப்பு வணிகன் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் குடும்பம் வாலிநோக்கம் பக்கம் பாத்தி வேலை. மாசி, பங்குனியில் வெயில் ஏறியதும் உப்பு இறங்கத் தொடங்கும், ஐப்பசி மழை வந்தால் முடிந்தது. சங்கப் பாட்டில் வரும் உமணர் என்ற உப்பு வணிகரின் வண்டிகளைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த வண்டி போய்ச் சேர்ந்த பக்கத்தில் ஒரு உப்புக்காரன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அவன் பெயர் என்ன?

சமணமலை நடையன்

வியகன். மதுரைக்காரன் என்றும் கல்வெட்டிலேயே இருக்கிறது தம்பி.

கல்மேல் எழுத்து

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்த உப்பு எந்தக் கடற்கரையில் விளைந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. கொற்கைப் பக்கமாகவும் இருக்கலாம், மரக்காணமாகவும் இருக்கலாம். நம் ஊர் உப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று. பழைய கற்படுக்கை எல்லாமே சமணம் என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடுகிறோம். தொடக்கத்தில் ஆய்வாளர்களே இவற்றைப் பௌத்தம் என்றுதான் நினைத்தார்கள். இலங்கையில் பிக்குகள் இருந்த குகைகளும் பார்வைக்கு இதே மாதிரி. மேலே பாறையில் மழைநீர் உள்ளே இறங்காமல் ஒரு காடி, அதன் கீழே பிராமி எழுத்து, உள்ளே வழவழப்பான படுக்கை. பிறகுதான் கருத்து மாறியது. புகளூர்க் கல்வெட்டில் யாற்றூர்ச் செங்காயபன் என்பவரை அமணன், அதாவது சமணத் துறவி, என்றே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. மாங்குளத்தில் கணி நந்தாசிரியருக்குக் கொடுத்த தருமம் என்று இருக்கிறது, நெடுஞ்செழியன் பெயரும் வருகிறது. இப்படிச் சான்றுகள் சேர்ந்துதான் இன்றைய முடிவுக்கு வந்திருக்கிறார்கள். சில குகைகளில் வெறும் பெயர்தான் இருக்கிறது. அங்கே அடக்கமாகப் பேசுவது நல்லது.

சமணர் வழிபடும் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வந்தது இதற்கெல்லாம் வெகு காலம் கழித்து. படுக்கை வெட்டிய காலத்துக்கும் மதுரை மலைகளிலும் கழுகுமலையிலும் புடைப்புச் சிற்பம் செதுக்கிய 8, 9ஆம் நூற்றாண்டுகளுக்கும் நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி. ஒரே மலையில் இரண்டும் இருப்பதால் ஒரே காலம் என்று பலர் மயங்குகிறார்கள். உங்கள் ஊர்ச் சிலைகள் அந்தப் பிந்திய அலையைச் சேர்ந்தவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தொண்டிக்காரி

நல்ல எச்சரிக்கை சார். எனக்கு உப்பைவிட முத்துதான் பெரிய சான்றாகப் படுகிறது. உதயகிரியில் ஹாத்திகும்பா என்ற குகையின் நெற்றியில் காரவேலனுடைய கல்வெட்டு இருக்கிறது. சமணர் போற்றும் அருகர்களுக்கும் சித்தர்களுக்கும் வணக்கம் சொல்லித்தான் அது தொடங்கும். அதிலேயே பாண்டிய அரசனிடமிருந்து முத்தும் மணியும் வந்த செய்தியும் இருக்கிறது. பாண்டியன் முத்து என்றால் மன்னார் வளைகுடா முத்துதானே? சமணத் துறவிகளுக்குக் குகை வெட்டிய ஒரு கலிங்க அரசன், தன் பெருமைகளில் ஒன்றாக நம் கடல் முத்தைச் சொல்லியிருக்கிறான். ஒடிசாவுக்குச் சுற்றுலா போகிற நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்து இலங்கை. அநுராதபுரத்தில் பண்டுகாபய மன்னன் நிகண்டர்களுக்கு இருப்பிடம் கட்டிக் கொடுத்ததாக மகாவம்சம் சொல்கிறது. கிரி என்ற நிகண்டர் இருந்த இடத்தை இடித்துவிட்டுத்தான் வட்டகாமணி அபய மன்னன் அபயகிரி விகாரையை எழுப்பினான் என்றும் அதே நூல் சொல்கிறது. நிகண்டர் என்றால் சமணர் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். தெற்கே பாண்டி நாட்டிலும் சமணம், கடலுக்கு அந்தப் பக்கமும் சமணம். நடுவில் இருப்பது பாக் நீரிணை. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில்தான் அழகன்குளம். 1986-87 முதல் அங்கே தொல்லியல் துறை பல பருவங்கள் அகழ்ந்து தமிழ்-பிராமி பொறித்த ஓடுகளையும் ரோமானியப் பானைகளையும் காசுகளையும் எடுத்தது. ஓர் ஓட்டில் கப்பல் கீறல்கூட இருக்கிறது. ஆட்கள் இந்தத் துறையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள், அது உறுதி. அவர்களில் சமண வணிகர் யாரும் இல்லை என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்மேல் எழுத்து

மனம் வரவில்லை என்பது சான்று ஆகாதே அக்கா. ஆனால் கேள்வி நியாயமானது. முத்துச் செய்தியை ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வு சர்வேயர்

வரைபடம் வெறுமையாக இருப்பதற்கு இன்னொரு காரணம் எனக்குத் தெரியும். முப்பது வருடம் வருவாய்த் துறையில் எல்லைக்கல் பார்த்தவன் நான். பழைய புத்தகங்களில் "இராமநாதபுரம் மாவட்டம்" என்று வருவது இன்றைய மாவட்டம் இல்லை. 1985இல்தான் சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் பிரிந்தன. அதற்கு முன்னால் குன்றக்குடிக் குகை, பிள்ளையார்பட்டி, சிவகங்கைப் பக்கத்துத் திருமலை எல்லாமே இராமநாதபுரம் கணக்கில்தான் இருந்தன. பழைய பட்டியலில் சமணச் சின்னங்களுக்கு நம் மாவட்டத்தில் குறைவே இல்லை. கோடு மாறியதும் மலை எல்லாம் அந்தப் பக்கம் போனது, கடற்கரை இந்தப் பக்கம் நின்றது. புதிதாகப் பட்டியல் போடுகிறவர்கள் மலையை எடுத்துக்கொண்டு நம்மை விட்டுவிட்டார்கள்.

தேவகோட்டைப் பக்கம் அனுமந்தக்குடியில் மளவநாதர் கோயில் என்று ஒரு சமணக் கோயில் இருக்கிறது. அதுவும் அப்படிப் பிரிந்து சிவகங்கைக்குப் போனதுதான். அங்கிருந்து தொண்டிக் கடற்கரை தூரமே இல்லை. குகை இல்லை, மலை இல்லை, சமதரையில் கட்டிய கோயில். நம் கடற்கரைச் சமணம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் சித்தன்னவாசலுக்குப் போகும் முன் அங்கே போக வேண்டும் என்பது என் கருத்து.

முகவை வாசகன்

ஐயா, மாவட்டப் பிரிப்பை நான் யோசிக்கவே இல்லை. நன்றி. சரி, சிலைக்கு வருவோம். ஒரு சிலையைப் பார்த்தால் அது தீர்த்தங்கரர்தான் என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கம் யாராவது படம் போட்டால் உடனே புத்தர் என்று ஒருவர் எழுதுகிறார், ஐயனார் என்று இன்னொருவர் எழுதுகிறார். அப்புறம் சண்டைதான் மிச்சம்.

கழுகுமலை மருமகள்

இதற்கு நான் பதில் எழுதுகிறேன். திருமணமாகி வந்தது கழுகுமலைக்கு. வீட்டிலிருந்து நடந்தால் மலை. எனக்குச் சிற்பம் பார்க்கக் கற்றுக் கொடுத்தது அந்தப் பாறைதான்.

முதலில் உடையைப் பாருங்கள். புத்தருக்கு மார்பின் குறுக்கே சீவர ஆடையின் கோடு ஓடும், பெரும்பாலும் இடது தோளில் மடிப்பு தெரியும். தலை உச்சியில் முடிச்சோ தீச்சுடரோ இருக்கும். நம் பக்கத்துத் தீர்த்தங்கரருக்கு உடம்பில் துணியே இருக்காது. தலைக்கு மேலே மூன்று குடை அடுக்காக இருக்கும், கீழே பெரியது, மேலே சிறியது. இரண்டு தோள் பக்கமும் சாமரம் வீசுகிறவர்கள். பின்னால் மரக்கிளை. குடை உடைந்து போயிருந்தால் தலைக்குப் பின்னால் கல் முறிந்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஐயனார் என்றால் கால் இருக்கும் விதமே வேறு, ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டிருப்பார், நகையும் இருக்கும். மார்பில் ஸ்ரீவத்ச மறு இருந்தால்தான் சமணம் என்று வடநாட்டு நூல்களைப் படித்துவிட்டுச் சொல்கிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அந்த மறு பெரும்பாலும் இருக்காது. அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

தீர்த்தங்கரர்களுக்குள் யார் என்று பிரிப்பது கடினம். பார்சுவநாதர் ஒருவரை மட்டும் எளிதில் பிடிக்கலாம், தலைக்கு மேல் பாம்புப் படம். ஆதிநாதருக்குத் தோளில் சடை விழும். மகாவீரருக்குப் பீடத்தில் சிங்கம். ஆனால் பீடம் மண்ணுக்குள் புதைந்திருக்கும், அல்லது யாராவது சிமெண்ட் பூசியிருப்பார்கள்.

கழுகுமலையில் பார்சுவநாதர் நிற்கும் ஒரு தொகுதி இருக்கிறது. அவருடைய பகைவன் கமடன் மேலேயிருந்து பாறையைத் தூக்கி அவர்மேல் போடப் பார்க்கிறான். நாகர்களின் அரசன் தரணேந்திரன் பாம்புப் படத்தை விரித்து மறைக்கிறான். பாறை தூக்குகிறவனுடைய உடம்பு முறுக்கி, மூச்சடக்கி இருக்கிறது. நடுவில் நிற்கிறவர் உடம்பில் ஓர் அசைவும் இல்லை, கை இரண்டும் தொடையைத் தொடாமல் தொங்குகிறது. கைக்கும் தொடைக்கும் நடுவில் விட்ட அந்தச் சின்ன இடைவெளியைச் செதுக்கியவன் நிறைய நேரம் எடுத்துச் செதுக்கியிருப்பான். கொஞ்சம் தள்ளி அம்பிகா என்ற காவல் தெய்வம், பக்கத்தில் சிங்கம், குழந்தை. பாகுபலியின் உடம்பில் கொடி சுற்றியிருக்கும்.

அந்தச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சின்னச் சின்ன வரிகள், ஏறத்தாழ நூறு இருக்கும். இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி என்று முடியும். அரசர் வேலை இல்லை இது. ஊர் ஊராக வந்தவர்கள், கைத்தொழில் செய்தவர்கள், ஆசிரியர்கள். குரத்தியார் என்று பெண் துறவிகள் பல பேர். குமரி மாவட்டத்துத் திருச்சாரணத்து மலையிலிருந்து வந்த குரத்திகள் செய்வித்ததும் இருக்கிறது. பெண்கள் தங்கள் பெயரில் கல்லில் உருவம் வெட்டிக்கொண்ட 8, 9ஆம் நூற்றாண்டு இடம் என்று இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லிக் கொடுப்பதில்லை என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

முகவை மக்களே, உங்கள் ஊர்ச் சிலையின் பீடத்தில் இப்படி ஒரு வரி இருக்கக்கூடும். சிமெண்ட் பூசும் முன் பாருங்கள்.

கல்தச்சன் வழி

சிமெண்ட் என்று அக்கா சொன்னதால் நான் பேசுகிறேன். கோயில் திருப்பணிகளில் கல்வேலை செய்கிறேன். நம் கடற்கரையில் நிற்கும் சிலைகளில் பல கருங்கல். இந்த ஊர்க் கல் இல்லை, உள்நாட்டிலிருந்து வண்டியேறி வந்த கல். கருங்கல்லுக்கு எதுவும் ஆகாது என்று நினைக்கிறார்கள். உப்புக்காற்றில் ஆகும்.

நடப்பது இதுதான். காற்றிலும் ஈரத்திலும் வரும் உப்பு கல்லின் நுண்துளைக்குள் கரைசலாக இறங்கும். பகலில் தண்ணீர் காய்ந்தால் உப்பு படிகமாகும். படிகம் வளரும்போது உள்ளிருந்து கல்லைத் தள்ளும். இரவில் ஈரம் பட்டால் மறுபடி கரையும், மறுநாள் மறுபடி வளரும். மண்ணிலிருந்து ஈரம் ஏறும் உயரம் வரைதான் சேதம் அதிகம். அதனால்தான் அமர்ந்த சிலைகளில் முதலில் முழங்காலும் மடியிலுள்ள கையும் செதில் செதிலாக உதிர்கின்றன, முகம் நன்றாக இருக்கிறது. வெள்ளையாக மாவு பூத்தது போல இருந்தால் அது உப்பு.

பக்தியில் ஊர்க்காரர்கள் செய்வது சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டுவது. அந்தச் சிமெண்டிலேயே உப்பு இருக்கும், ஈரத்தையும் வெளியே விடாது, எல்லாம் சிலை வழியாகத்தான் ஏறும். எனாமல் பெயிண்ட் அடிப்பது இன்னும் மோசம், உள்ளே உப்பு அடைபட்டு மேல்தோல் அப்படியே கழன்று வரும். பெயிண்டை எடுக்கிறேன் என்று மணல்வீச்சு செய்தால் சிற்பியின் உளித்தடம் போயே போய்விடும். அமிலம் தொடவே கூடாது. செய்யக் கூடியது எளிது. சிலையைச் சுற்றி ஓரடிக்கு மண்ணை எடுத்துவிட்டுக் கரடுமுரடான ஜல்லி நிரப்பினால் ஈரம் ஏறுவது குறையும். மேலே ஒரு கூரை, ஆனால் நாலு பக்கமும் காற்று வர வேண்டும். உப்பை எடுப்பது பயிற்சி உள்ளவர்கள் வேலை. காகிதக் கூழைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து அப்பி, காயவிட்டு எடுப்பார்கள், கூழோடு உப்பு வந்துவிடும்.

கீழக்கரை காக்கா

படித்துக்கொண்டே வந்தேன். நான் சமணத்தைப் படித்தவன் இல்லை. எங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசலின் கல் தூண்களைப் பார்த்து வளர்ந்தவன், கல்லுக்கு உப்பு என்ன செய்யும் என்று எங்களுக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. இந்தச் சிலைகளை எல்லாம் மியூசியத்துக்குக் கொண்டுபோனால் என்ன? ராமநாதபுரத்திலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, இராமலிங்க விலாசம் அரண்மனையில் தொல்லியல் துறையும் காட்சிக்கு வைத்திருக்கிறது. திருட்டுப் போகாதே.

தொண்டிக்காரி

காக்கா, திருட்டுப் பயம் எனக்கும் உண்டு. கேட்பாரற்று, வழிபாடு இல்லாமல் கிடக்கும் சிலை என்றால் நானும் மியூசியம்தான் சொல்வேன். ஆனால் ஊர் கும்பிடும் சிலையை எடுத்தால் இரண்டு நட்டம். அந்த ஊருக்கு அது சாமி, நாம் பெயர் மாற்றிச் சொல்வதால் அவர்கள் நேர்த்திக்கடன் பொய்யாகாது. ஆய்வுக்கும் நட்டம், ஏனென்றால் அந்த இடம்தான் சான்று. சிலையைச் சுற்றிச் செங்கல் துண்டு கிடக்கிறதா, பழைய ஓடு கிடக்கிறதா, பக்கத்தில் ஊருணி உண்டா, பழைய பாதை உண்டா என்று பார்த்தால்தான் அங்கே ஒரு பள்ளி இருந்ததா என்று சொல்ல முடியும். மதுராவில் கங்காளி மேட்டை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவசர அவசரமாகத் தோண்டிச் சிற்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். எது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற விவரம் ஒழுங்காக இல்லாமல் இன்று வரை ஆய்வாளர்கள் தவிக்கிறார்கள். நம் ஊரில் அது நடக்க வேண்டாம்.

ஓய்வு சர்வேயர்

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டவோ கண்மாய் தூர்வாரவோ தோண்டும்போது பூமிக்குள்ளிருந்து சிலை கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும், அங்கிருந்து மேலே போகும். கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம், எடுத்த குழியை மூட வேண்டாம். ஏற்கெனவே தரைமேல் வழிபாட்டில் இருக்கும் சிலைக்கு இது பொருந்தாது. அங்கே நாம் போய்ப் பதிவு செய்வதுதான் வேலை.

கல்மேல் எழுத்து

பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று நான் சொல்கிறேன். முதலில் ஊர்ப் பெரியவரிடமும் பூசை செய்கிறவரிடமும் கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும். சிலையின் சரியான இடத்தைப் பொதுவில் போடக் கூடாது, திருடர்களும் இணையம் படிக்கிறார்கள். ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றதை மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுதுங்கள். படத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். காலை அல்லது மாலை, வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால்தான் தேய்ந்த கோடுகள் தெரியும். உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். எண்ணெய் ஏறிய சிலைக்குப் பிளாஷ் போடாதீர்கள், பளபளப்பில் ஒன்றும் தெரியாது. அந்தச் சாமிக்கு ஊர் சொல்லும் பெயரையும் கதையையும் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

முகவை வாசகன்

அப்படியானால் தேவிபட்டினம் பக்கமிருந்து நான் தொடங்குகிறேன். உப்பளத்தான் தம்பி வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கம் பார்த்துக்கொள்வாரா? தொண்டி வட்டாரத்துக்கு அக்கா இருக்கிறார். எங்கள் பக்கம் ஒரு கண்மாய்க் கரைச் சிலைக்குத் தலைக்கு மேல் பாம்புப் படம் மாதிரி இருக்கிறது, பூசாரியும் படம் எடுக்கச் சம்மதம் சொல்லிவிட்டார். முதலில் அதை எடுத்துப் போடுகிறேன்.

உப்பளத்தான்

நான் தயார் அண்ணே. உப்பு வேலை காலையிலேயே முடிந்துவிடும், சாயங்காலம் வெயில் சாயும்போது போகலாம்.

கழுகுமலை மருமகள்

முகவை வாசகன், பாம்புப் படம் என்றால் தலைகளை எண்ணி எழுதுங்கள், ஐந்தா ஏழா என்று தெரிய வேண்டும். முன்பக்கம் மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பாம்பு உடல் முதுகுப் பக்கம் எப்படிச் சுருண்டு இறங்குகிறது என்று பார்க்கப் பின்பக்கப் படமும், பீடத்தின் நாலு பக்கமும் வேண்டும்.